இறைவனுக்கு முன் திறக்கும் குறிப்பேடு

"இன்று பள்ளியில் எப்படி இருந்தது?" என்று தாய் கேட்கிறார். "நன்றாகத்தான் இருந்தது" என்று சொல்லிவிட்டு மகள் தன் அறைக்குள் சென்று கதவை மூடிக்கொள்கிறாள். இந்தக் காட்சியை நம்மில் பலர் நம் வீடுகளிலேயே பார்த்திருக்கிறோம்.

அந்த வீடு அமெரிக்காவின் ஒரு நகரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மகள் பதினைந்து வயது முஸ்லிம் மாணவி. முக்காடு அணிந்து பள்ளிக்குச் செல்பவள். அன்று மதிய உணவு நேரத்தில் ஒரு மாணவன் அவளுடைய முக்காட்டைச் சுட்டிக்காட்டிக் கேலி பேசினான். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவளுடைய நெருங்கிய தோழியும் சிரித்தாள். கேலி பேசியவனைவிட, சிரித்த தோழியின் முகம்தான் அவள் மனத்தை அறுக்கிறது. இதை அவள் வீட்டில் சொல்லவில்லை. இரவுத் தொழுகையை முடித்தபின் ஒரு குறிப்பேட்டை எடுக்கிறாள். "இறைவா, இன்று எனக்கு மிகவும் வலித்தது" என்று தொடங்கிப் பத்து வரிகள் எழுதுகிறாள்.

அந்தப் பத்து வரிகளால் என்ன பயன்? அவை ஒரு பிள்ளையின் மனத்தைக் காக்க முடியுமா? உலகில் 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களுள் ஏழு பேரில் ஒருவர் ஏதேனும் ஒரு மனநலக் குறைபாட்டோடு வாழ்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நம் கத்தோலிக்கப் பள்ளிகளிலும் முஸ்லிம் பிள்ளைகள் நம் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் அமர்ந்து படிக்கிறார்கள். ஆகவே இது நமக்கும் உரிய கேள்விதான்.

சொல்லப்படாத சுமைகள்

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின், மேலை நாடுகளில் வளரும் முஸ்லிம் பிள்ளைகள் தாங்கள் செய்யாத ஒன்றுக்காகப் பதில் சொல்ல வேண்டிய நிலைக்கு ஆளானார்கள். அமெரிக்காவில் ஐ.எஸ்.பி.யு. என்னும் ஆய்வு நிறுவனம் 2017 இல் நடத்திய கணிப்பில், பள்ளி செல்லும் பிள்ளைகளைக் கொண்ட முஸ்லிம் பெற்றோரில் 42 விழுக்காட்டினர், தங்கள் பிள்ளைகள் சமயத்தின் பொருட்டுப் பள்ளியில் துன்புறுத்தப்பட்டதாகக் கூறினர். அதே கேள்விக்கு ஆம் என்று பதிலளித்த கத்தோலிக்கப் பெற்றோர் 6 விழுக்காட்டினர் மட்டுமே. இன்னும் வேதனையான செய்தி ஒன்றும் உண்டு. அந்தத் துன்புறுத்தல்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றில் ஆசிரியரோ பள்ளி அலுவலரோ சம்பந்தப்பட்டிருந்தார்.

இத்தகைய பிள்ளைகள் ஏன் வாய் திறப்பதில்லை? பிழைப்பு தேடி வேறு நாட்டுக்கு வந்து இரவும் பகலும் உழைக்கும் பெற்றோருக்கு மேலும் ஒரு கவலையைக் கொடுக்கத் தயங்குகிறார்கள். வகுப்பில் தங்கள் சமயத்தைச் சேர்ந்தவர்கள் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். இவற்றைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு. "எனக்கு நம்பிக்கை குறைவாக இருப்பதால்தான் இவ்வளவு துயரப்படுகிறேனோ? நன்றாகத் தொழுதால் இந்த மனச்சோர்வு போய்விடாதா?" என்ற குற்ற உணர்வுதான் அது. நம்மிடையேயும் இந்தப் பேச்சு இல்லாமல் இல்லை. சோர்ந்துபோன ஒருவரிடம், "நீங்கள் சரியாகச் செபிப்பதில்லை" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறவர்கள் நாமும்தானே?

எழுதும் வானதூதர்கள்

முஸ்லிம் பிள்ளைகளுக்கு எழுதுதல் என்பது சமயத்துக்கு வெளியிலிருந்து வந்த பழக்கம் அன்று. இஸ்லாமிய நம்பிக்கையின்படி, ஒருவர் பருவமடைந்ததும் தன் செயல்களுக்கு இறைவன்முன் தானே பொறுப்பாளி ஆகிறார். தொழுகையும் நோன்பும் அப்போது முதல் கடமையாகின்றன. ஒவ்வொரு மனிதரோடும் இரண்டு வானதூதர்கள் இருந்து அவருடைய செயல்களைப் பதிவு செய்கிறார்கள் என்பதும் அவர்களுடைய நம்பிக்கை. ஆக, உடலும் உள்ளமும் கொந்தளிக்கும் அதே வயதில்தான் பிள்ளையின் கணக்கேடும் திறக்கப்படுகிறது.

இது அச்சமூட்டும் போதனையாக நமக்குத் தோன்றலாம். ஆனால் அந்தக் கணக்கு எவ்வாறு எழுதப்படுகிறது என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். நல்லதொன்றைச் செய்ய நினைத்துச் செய்ய முடியாமல் போனாலும் ஒரு நன்மை பதிவாகிறது. செய்துவிட்டால் பத்து மடங்கும் அதற்கு மேலும் பதிவாகிறது. தீயதொன்றை நினைத்து, பின்பு இறைவனுக்காக அதைக் கைவிட்டால் அதுவே ஒரு நன்மையாகிறது. தீமையைச் செய்தால் ஒன்றே ஒன்றுதான் எழுதப்படுகிறது. இறைத்தூதரின் பொன்மொழித் தொகுப்புகளில் முதன்மையான புகாரி, முஸ்லிம் ஆகிய இரண்டிலும் இக்கருத்து இடம்பெற்றுள்ளது. மனிதருக்குச் சாதகமாகச் சாய்ந்த கணக்கு அது. ஒரு பதின்வயதுப் பிள்ளை தன்னைப் பற்றி எழுதும்போது இந்த இரக்கம் அந்தக் குறிப்பேட்டிலும் இருக்கிறதா என்பதே முக்கியமான கேள்வி.

தன்னைத்தானே கணக்குக் கேட்டுக்கொள்வதை அரபு மொழியில் 'முஹாஸபா' என்கிறார்கள். பாஸ்ராவில் பிறந்து பாக்தாத்தில் 857 இல் மறைந்த ஓர் இறைஞானிக்கு, இதையே வாழ்நாள் முழுவதும் வலியுறுத்தியதால் அல்-முஹாஸிபி என்ற பெயரே நிலைத்துவிட்டது. அவருக்குப் பின் வந்த இமாம் கஸ்ஸாலி (1058 - 1111) இதை ஒரு வணிகரின் உவமையால் விளக்கினார். வணிகர் காலையில் தம் கூட்டாளியோடு ஒப்பந்தம் பேசுகிறார். பகலில் அவரைக் கவனிக்கிறார். மாலையில் கணக்குப் பார்க்கிறார். அதுபோல ஒவ்வொருவரும் தம் உள்ளத்தோடு நடந்துகொள்ள வேண்டும் என்றார். அழிவைத் தரும் குணங்களையும் மீட்பைத் தரும் குணங்களையும் ஓர் ஏட்டில் எழுதி வைத்து, நாள்தோறும் அதைப் பார்த்துத் தன்னைச் சோதிக்க வேண்டும் என்றும் அவர் அறிவுறுத்தினார்.

கஸ்ஸாலி மனத்துயர் அறியாதவர் அல்லர். 1095 இல் பாக்தாதின் புகழ்பெற்ற நிஸாமிய்யா கல்விக்கூடத்தில் பேராசிரியராக இருந்தபோது, கடுமையான உள்ளப் போராட்டத்தால் அவருடைய நாவே கட்டுண்டது. வகுப்பெடுக்க முடியவில்லை. உணவு இறங்கவில்லை. பதவியையும் நகரத்தையும் விட்டு வெளியேறினார். பிற்காலத்தில் அந்த நாட்களைப் பற்றி மறைக்காமல் எழுதினார். "நம்பிக்கை இருந்தால் துயரம் வராது" என்று எண்ணும் பிள்ளைக்கு, இவ்வளவு பெரிய அறிஞரும் துயரத்தால் பேச்சிழந்தார் என்பது எவ்வளவு பெரிய ஆறுதல்!

இன்னொருவர், இன்றைய ஆப்கானிஸ்தானில் உள்ள பல்க் பகுதியைச் சேர்ந்த அபூ ஸைத் அல்-பல்கி (850 - 934). உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒரே நூலில் சேர்த்து எழுதியவர். காரணம் தெரிந்த துயரம் ஒருவகை, காரணம் தெரியாமல் உடலிலிருந்து எழும் துயரம் வேறுவகை என்று அவர் அன்றே பிரித்துக் காட்டினார். மனம் அமைதியாக இருக்கும் வேளையில் நல்ல எண்ணங்களைச் சேமித்து வைத்துக்கொண்டால், புயல் அடிக்கும்போது அவை முதலுதவியாகும் என்றும் கூறினார். இன்றைய பிள்ளையின் குறிப்பேடு அத்தகைய சேமிப்புதான்.

நமக்கும் அறிமுகமான பாதை

இதைப் படிக்கும்போது நமக்குப் புனித லொயோலா இஞ்ஞாசியாரின் ஆன்ம சோதனை நினைவுக்கு வருகிறது. 1548 இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் ஒப்புதல் அளித்த 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலில், வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் கோடுகள் வரைந்து, தவறிய ஒவ்வொரு முறைக்கும் ஒரு புள்ளி வைக்கும் முறையை அவர் கற்பித்தார். நாளை நன்றியோடு திரும்பிப் பார்க்கத் தொடங்குவதும் அவருடைய வழியே. இஸ்லாமும் கிறிஸ்தவமும் ஒன்றே என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் நாளின் முடிவில் இறைவன்முன் உட்கார்ந்து உள்ளத்தைத் திறப்பது என்றால் என்ன என்று அறிந்த நமக்கு, அந்த முஸ்லிம் பிள்ளை செய்வது அந்நியமாகத் தோன்றத் தேவையில்லை.

எவ்வாறு எழுதுகிறார்கள்?

இளையோரோடு பணியாற்றும் முஸ்லிம் ஆலோசகர்களும் ஆசிரியர்களும் இம்முறையைப் பலவாறு கற்றுத்தருகிறார்கள். அடிப்படை எளியது. பத்து அல்லது பதினைந்து நிமிடங்கள் போதும். பெரும்பாலோருக்கு இரவுத் தொழுகைக்குப் பின் உள்ள நேரம் ஏற்றதாக இருக்கிறது.

முதலில் 'நிய்யத்', அதாவது எண்ணத்தைச் சீர்செய்தல். "யாருக்கும் காட்டுவதற்காக அன்று, இறைவன்முன் உண்மையாக இருப்பதற்காக எழுதுகிறேன்" என்று ஒரு வரி. அடுத்து 'ஷுக்ர்', அதாவது நன்றி. அன்றைய நாளில் கிடைத்த சிறிய நன்மைகள் இரண்டோ மூன்றோ. "உடல்நலம்", "குடும்பம்" என்று பொதுவாக எழுதாமல், "பாட்டி எனக்காக ரொட்டியைச் சூடாக எடுத்து வைத்திருந்தார்" என்று எழுதுவதே பயன் தரும்.

மூன்றாவது, என்ன நடந்தது, அப்போது உள்ளம் எப்படி இருந்தது என்று எழுதுதல். "கோபமாக இருந்தேன்" என்பதோடு நிற்காமல், கோபத்துக்கு அடியில் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும். அவமானமா? பயமா? தனிமையா? நம் மாணவி, "கேலி பேசியவன்மீது கோபம்" என்று தொடங்கி, "என் தோழியை இழந்துவிடுவேனோ என்ற பயம்" என்ற இடத்துக்கு வந்து சேரலாம். அங்கே வந்து சேர்ந்தபின்தான் அவளுக்கு வழி தெரியும்: நாளை அந்தத் தோழியிடம் பேச வேண்டும்.

நான்காவது, கணக்குப் பார்த்தல். தான் செய்ததில் ஒரே ஒன்றை மட்டும் எடுத்து, நாளை அதை எப்படிச் சிறப்பாகச் செய்யலாம் என்று எழுதுவது. இறுதியில் 'துஆ', அதாவது சொந்தச் சொற்களால் ஆன மன்றாட்டு. ஐவேளைத் தொழுகைக்கு வகுக்கப்பட்ட அரபுச் சொற்கள் உண்டு. துஆவிலோ பிள்ளை தன் தாய்மொழியில் இறைவனோடு பேசலாம்.

திருக்குர்ஆனின் சில பகுதிகள் இதற்குத் துணையாகின்றன. பன்னிரண்டாம் அத்தியாயம் யோசேப்பின் வரலாற்றைச் சொல்கிறது. மகனை இழந்த யாக்கோபு அழுது அழுது பார்வையை இழக்கிறார். தம் துயரத்தை இறைவனிடமே முறையிடுவதாகச் சொல்கிறார். இறைவாக்கினர் ஒருவரே இவ்வளவு அழுதிருக்கிறார் என்றால், அழுவது நம்பிக்கைக் குறைவு ஆகாது. தொண்ணூற்று மூன்றாம் அத்தியாயமோ, இறைவெளிப்பாடு சிறிது காலம் நின்றுபோய் இறைத்தூதர் மனம் வருந்தியபோது அவரைத் தேற்ற வந்தது என்று மரபு கூறுகிறது. இத்தகைய பகுதியைப் படித்து, "இது இன்று எனக்கு என்ன சொல்கிறது?" என்று இரண்டு வரி எழுதச் சொல்கிறார்கள்.

பெண்பிள்ளைகளுக்கு இக்குறிப்பேடு இன்னொரு விதத்திலும் உதவுகிறது. மாதவிடாய் நாட்களில் அவர்களுக்குத் தொழுகையும் நோன்பும் இல்லை. ரமலானில் குடும்பம் முழுவதும் நோன்பிருக்கும்போது, தான் மட்டும் விலகி நிற்பதாக ஒரு சிறுமி உணரலாம். ஆனால் துஆவுக்குத் தடை இல்லை. அந்த நாட்களில் எழுதும் பக்கங்கள் இறைவனோடு உள்ள உறவு அறுந்துபோகவில்லை என்பதை அவளுக்கு உணர்த்துகின்றன.

ஆய்வுகள் கூறுவது

எழுதுவதால் உண்மையிலேயே பயன் உண்டா? 1986 இல் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் தம் உடன் ஆய்வாளரோடு வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் நான்கு நாட்கள், நாளுக்கு 15 நிமிடம் எழுதினார்கள். தங்கள் வாழ்வின் கசப்பான நிகழ்வுகளையும் அப்போதைய உணர்வுகளையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்த மாதங்களில் மருத்துவரைத் தேடிச் சென்றது குறைந்தது. ஆனால் எழுதி முடித்த உடனே அவர்களுடைய மனம் மேலும் கனத்திருந்தது என்பதையும் அதே ஆய்வு காட்டியது. பதின்வயதின் தொடக்கத்தில் உள்ள 221 மாணவர்களைக் கொண்டு 2008 இல் வெளியான ஆய்வு, நன்றிக்குரியவற்றை எழுதியவர்களிடம் மனநிறைவு கூடியதைக் கண்டது.

இதை மிகைப்படுத்தவும் கூடாது. உணர்வுகளை எழுதுவது பற்றிய 146 ஆய்வுகளைத் தொகுத்து 2006 இல் வெளியான மதிப்பீடு, பயன் உண்டு, ஆனால் சராசரியாக அது சிறியதே என்று கூறியது. குறிப்பேடு நல்ல துணை. அது மட்டுமே மருந்தாகிவிடாது.

கவனிக்க வேண்டிய மூன்று

முதல் ஆபத்து, குறிப்பேடு குற்றப்பத்திரிகை ஆகிவிடுவது. சில பிள்ளைகள் தங்கள் தவறுகளையே எழுதி எழுதி நொந்துபோவார்கள். தொழுகைக்கு முன் கைகால் சரியாகக் கழுவினேனா, எண்ணம் சரியாக இருந்ததா என்று மீண்டும் மீண்டும் ஐயுறும் நிலையை முஸ்லிம்கள் 'வஸ்வாஸ்' என்கிறார்கள். நம் மரபிலும் இது உண்டு. 1522 இல் மன்ரேசாவில் தங்கியிருந்தபோது, அறிக்கையிட்ட பாவங்களையே திரும்பத் திரும்ப அறிக்கையிட்ட இஞ்ஞாசியார், தம் உயிரை மாய்த்துக்கொள்ளும் சோதனை வரை சென்றார். ஆகவே ஒரு பக்கத்தில் ஒரு குறைக்குமேல் எழுத வேண்டாம். நன்றியில் தொடங்கி மன்றாட்டில் முடியுங்கள் என்று அறிந்தவர்கள் சொல்வதில் பொருள் உண்டு. எழுத எழுத அச்சமே பெருகுமானால் எழுதுவதை நிறுத்திவிட்டு மனநல ஆலோசகரைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, மறைவு காத்தல். இறைவன் மறைத்து வைத்த பாவத்தை ஒருவர் தாமே வெளிப்படுத்தித் திரியக் கூடாது என்பது இஸ்லாமிய அறநெறி. ஆகவே தவறுகளை விவரமாக எழுத வேண்டியதில்லை; உள்ளத்தின் வலியை எழுதினாலே போதும். அதைவிட முக்கியமாக, அந்தக் குறிப்பேட்டைப் பெற்றோரோ ஆசிரியரோ இரகசியமாகப் புரட்டிப் பார்க்கக் கூடாது. ஒருமுறை பார்த்துவிட்டால், பிள்ளை இனி எழுத மாட்டாள். எழுதினாலும் உண்மையை எழுத மாட்டாள். ஒப்புரவு அருட்சாதனத்தின் இரகசியம் எவ்வளவு புனிதமானது என்று அறிந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மூன்றாவது, குறிப்பேடு மனிதர்களுக்கு மாற்றாகி விடக் கூடாது. பத்து நாள் எழுதியும் ஒரே வலி திரும்பத் திரும்ப வருமானால், "இதை யாரிடம் சொல்லலாம்?" என்பதே பதினோராம் நாளின் கேள்வியாக வேண்டும். பிரிட்டனில் முஸ்லிம் இளையோருக்கென்றே ஓர் உதவித் தொலைபேசி சேவை 2001 இல் தொடங்கப்பட்டது. நம் நாட்டில் 14416 என்ற எண்ணில் டெலி-மானஸ் மனநல சேவையும், 1098 என்ற எண்ணில் சிறார் உதவி சேவையும் இருக்கின்றன. "வாழ விருப்பமில்லை" என்ற எண்ணம் ஒரு பிள்ளையிடம் தென்பட்டால், இரகசியம் காப்பதைவிட உயிர் காப்பதே முதல் கடமை. அந்நேரத்தில் பிள்ளையைத் தனியே விடாமல் உடனே உதவி தேட வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

கிறிஸ்தவமல்லாத சமயங்களோடு திருச்சபைக்குள்ள உறவைப் பற்றி 1965 அக்டோபர் 28 இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட அறிக்கை, முஸ்லிம்களைத் திருச்சபை மதிப்போடு நோக்குகிறது என்று கூறியது. 2019 பிப்ரவரி 4 இல் அபுதாபியில் திருத்தந்தை பிரான்சிசும் அல்-அஸ்ஹரின் தலைமை இமாம் அகமது அல்-தய்யிபும் மனித உடன்பிறந்த நிலை பற்றிய ஏட்டில் கையொப்பமிட்டனர். இந்தப் பெரிய சொற்கள் நம் வகுப்பறைகளில் சிறிய செயல்களாக வேண்டும்.

நம் பள்ளி ஆசிரியர் ஒருவர், வாடிய முகத்தோடு வரும் முஸ்லிம் மாணவனிடம் என்ன செய்யலாம்? "எழுதிப் பார், தம்பி. உன் வழக்கப்படி இறைவனிடம் சொல்வதுபோல எழுது. எனக்குக் காட்ட வேண்டாம்" என்று சொல்லலாம். நம் செபங்களை அவன்மீது திணிக்க வேண்டாம். அவனுடைய நம்பிக்கையிலேயே அவனுக்கு ஆறுதல் ஊற்றுகள் உண்டு. கேலி நடந்தால், அது எந்தப் பிள்ளைக்கு எதிரானது என்று பாராமல் அதைத் தடுக்கலாம். நம் பிள்ளைகளிடம், "சுற்றி நின்று சிரித்தவர்களில் நீயும் ஒருவனா?" என்று கேட்கலாம். அந்த அமெரிக்க மாணவியை மிகவும் புண்படுத்தியது கேலி பேசியவனின் சொல் அன்று, தோழியின் சிரிப்பு அல்லவா?

சற்றே சிந்திப்போம். நம் வீட்டுப் பிள்ளை தன் உள்ளத்தை அச்சமின்றித் திறக்க ஓர் இடம் இருக்கிறதா? நம்மைப் பற்றி நாமே எழுதும் கணக்கில் இறைவனின் இரக்கத்துக்கு ஒரு வரியாவது இடம் கொடுக்கிறோமா? நம் பக்கத்து வீட்டு முஸ்லிம் பிள்ளையின் குறிப்பேட்டில் இன்றிரவு நம் பெயர் வருமானால், அது வலியின் பட்டியலில் வருமா, நன்றியின் பட்டியலில் வருமா?